இருக்கட்டுங்க என்றொரு பொத்தான்

என் வீட்டுக்காரர் அப்துல் கையூமின் வாயில் ‘வேண்டாம்’ என்ற சொல் வராது. கல்யாணமான புதிதில் அதை நல்ல குணம் என்று நினைத்துப் பெருமைப்பட்டவள்தான் நான். இருபது வருடம் கூட இருந்து பார்த்த பிறகு சொல்கிறேன், அது குணமும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தத் தலைவலி. துணிக்கடையில் எடுத்துப் போட்ட சட்டை பிடிக்கவில்லை என்றால் ‘இருக்கட்டுங்க’ என்பார். கடைக்காரர் பிடித்துவிட்டது என்று மடித்துப் பையில் போட்டுவிடுவார். இவரும் மறுபேச்சுப் பேசாமல் பணத்தைக் கட்டிவிட்டு வந்துவிடுவார். அப்படி வாங்கிப் போடாமலே கிடக்கும் சட்டைகள் எங்கள் பீரோவில் ஒரு தட்டு முழுக்க இருக்கின்றன. யாராவது வந்து பார்த்தால் சட்டை வியாபாரம் செய்கிறோம் என்று நினைப்பார்கள்.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறேன். நாள் முழுக்க இந்தக் கோயமுத்தூர் மரியாதையோடுதான் மல்லுக்கட்டு. ‘நாளைக்குப் பத்து மணிக்கு வந்துருங்க’ என்றால் ‘சரிங்க, வாரேனுங்க’ என்பார்கள். அதில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வரமாட்டேன் என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னால் நான் வருத்தப்படுவேனாம். டாக்டர் பல்லைப் பிடுங்கும் கருவியோடு உட்கார்ந்திருப்பார், நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் இந்தக் கூத்து முடிந்து கோட்டைமேட்டுக்கு வந்தால் வீட்டில் அதே கூத்து.

கையூமின் வேலை பத்திரிகை வடிவமைப்பது. பத்திரிகை என்றால் செய்தித்தாள் இல்லை, கல்யாணப் பத்திரிகை. சுக்ரவார்பேட்டையில் ஈஸ்வரமூர்த்தி அண்ணன் வைத்திருக்கும் அச்சகத்தில் சேர்ந்தபோது மீசை சரியாக முளைக்கவில்லை என்பார்கள். எங்கள் ஆட்களின் நிக்காஹ் பத்திரிகையும் செய்வார், கவுண்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் செய்வார். கவுண்டர் வீட்டுப் பத்திரிகை சாதாரண சோலி இல்லை. இரண்டு பக்கத்துப் பங்காளி, மாமன், மச்சான் அத்தனை பேரும் ஊர்ப் பெயரோடு உள்ளே வந்தாக வேண்டும். வெள்ளகோவில் பெரிய மாமன் பெயர் காங்கேயம் சின்ன மாமன் பெயருக்குக் கீழே போய்விட்டால் போதும், மண்டபத்தில் சாப்பாடு இறங்காது. அத்தனை பெயரையும் ஒரு அட்டையில் அடக்கி, எந்த மாமனுக்கும் மனம் கோணாமல், பார்க்கவும் லட்சணமாகச் செய்துவிடுவார். அதில் குறை சொல்ல எனக்கே ஒன்றும் கிடைத்ததில்லை.

பிறகு ஈஸ்வரமூர்த்தி அண்ணன் அட்டைப்பெட்டி அடிக்கும் மெஷின் ஒன்றை இறக்கினார். வியாபாரம் அமோகமாகப் போனது. மசாலாப் பொட்டலம், நெய் டப்பா, ஊதுபத்தி என்று உறைகள் வந்து குவிந்தன. கையூமுக்குச் சம்பளமும் கூடியது. ஆனால் நாள் முழுக்க நிகர எடை, சேர்மானங்கள், குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று ஒட்டிக்கொண்டே இருந்ததில் மனிதருக்கு வெறுத்துப்போய்விட்டது. ஒரு நாள் மாலை வந்து உட்கார்ந்து, ‘தாஜு, சனம் எல்லாம் இப்ப போனைத்தான பாக்குது? நான் அதுல வரையப்போறேன்’ என்றார்.

போனில் வரைவது என்றால் ஒரு செயலியைத் திறந்ததும் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுதியிருக்க வேண்டும், அதை அமுக்கினால் அடுத்து என்ன வர வேண்டும் என்று வடிவமைப்பது. நாற்பத்தாறு வயதில் இந்த ஆசை. கையில் இருக்கும் வேலை கசக்கிறதா என்று கேட்டேன். கசக்கிறது என்று சொல்லியிருந்தால்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது. ‘அப்படி இல்ல, இருக்கட்டும், பாப்போம்’ என்றார். மறுவாரம் அச்சக வேலையை விட்டுவிட்டு இணையத்தில் ஒரு வருட வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

வகுப்பு முடிந்து வேலை தேடப் போனபோதுதான் என் பொறுமை போனது. பீளமேட்டில் ஒரு கம்பெனி, அவிநாசி சாலையில் ஒரு கம்பெனி என்று இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிப் போவார். திரும்பி வந்ததும் ‘என்னங்க ஆச்சு?’ என்பேன். ‘நல்லபடியாப் பேசுனாங்க’ என்பார். நானும் நல்ல சேதி என்று காத்திருப்பேன். ஒன்றும் வராது. நாலைந்து கம்பெனிக்குப் பிறகுதான் எனக்குப் புரிந்தது, நல்லபடியாகப் பேசினார்கள் என்றால் வேலை இல்லை என்று அர்த்தம். ஒரே ஒரு பையன் மட்டும், ‘அங்கிள், உங்க ஸ்கிரீனைப் பாத்தா மண்டபத்துக்கு வழி கேக்கத் தோணுது’ என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறான். அவன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று நான் சொன்னேன். இவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

கடைசியில் எடுத்துக்கொண்டவர் மிதுன். முப்பது வயதுகூட ஆகாத ஆள். இட்லி மாவும் பாலும் தினமும் விடியற்காலையில் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைக்கும் கம்பெனி அவருடையது. மாவு அரைப்பது மதுக்கரையில், ஆபீஸ் சரவணம்பட்டியில். ஆர்டர் எல்லாம் செயலியில்தான். கையூமை ஆறு மாதம் டிரெய்னியாக வைத்துப் பார்ப்பது, சரிவந்தால் செயலியின் டிசைனர் என்று நிரந்தரம் ஆக்குவது என்று பேச்சு. மகனாக இருக்கக்கூடிய வயதில் இருப்பவர்களுக்குக் கீழே டிரெய்னி. அதைப் பற்றி இவர் ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அந்த டிசைனர் என்ற பெயர் கிடைத்தால் போதும் என்று இருந்தார். எனக்கும் அது கிடைத்துத் தொலைத்தால் போதும் என்று இருந்தது, ஏனென்றால் கிடைக்காவிட்டால் இந்த வயதில் இன்னொரு தடவை இவரை யாரும் கூப்பிட்டு உட்காரவைக்க மாட்டார்கள்.

இவருக்கு மேலே இருந்தவள் சைத்ரா. வீட்டில் கன்னடம் பேசுகிற குடும்பம், ஆனால் பிறந்து வளர்ந்தது எல்லாம் கோயமுத்தூர். வேலையில் கெட்டி, பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இவர் போட்டுக் கொடுத்த முதல் ஸ்கிரீனை அவள் பார்த்த கதையை இவரே வந்து சொன்னார். சுற்றிலும் பார்டர், மேலே வளைவு, அதற்குக் கீழே ‘அன்புடையீர்’, அதற்குக் கீழே மாவின் பெருமை. சைத்ரா மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ‘சார், இதுல ஆர்டர் பண்ண எங்க அமுக்கோணும்?’ என்று கேட்டாளாம். பொத்தானை இவர் அடியில் வைத்திருந்தார், அச்சகத்தின் பெயரும் போன் நம்பரும் வருகிற இடத்தில்.

அடுத்த சண்டை வெற்றிடத்தைப் பற்றி. அச்சகத்தில் காகிதம் காசு. ஒரு மூலை சும்மா கிடந்தால் வாடிக்கையாளர், ‘ஏனுங்க, இங்க எங்க சின்ன அத்தை பேரைப் போட்டிருக்கலாமே’ என்று கேட்பார். அதனால் இவருக்குக் காலி இடத்தைக் கண்டால் கை அரிக்கும், ஒரு பூவாவது வைத்துவிடுவார். சைத்ரா பூவை எடுப்பாள். இவர் அடுத்த நாள் சின்னதாக ஒரு இலை வைப்பார். அவள் இலையையும் எடுப்பாள். தினமும் சாயங்காலம் டீயோடு இந்தப் பஞ்சாயத்து என்னிடம் வரும். ‘அது சும்மாத்தாங்க இருக்கட்டுமே, உங்களை என்ன பண்ணுது?’ என்று கேட்டால் என்னையும் சைத்ரா கட்சியில் சேர்த்துவிடுவார்.

இருந்தாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். நாலாவது மாதத்தில் பூ நின்றது. அஞ்சாவது மாதத்தில் சைத்ரா இவரிடம் ஒரு ஸ்கிரீனை முழுக்க ஒப்படைத்துவிட்டாள். இவர் அன்றைக்கு வீட்டுக்கு வரும்போதே வழக்கத்துக்கு மாறாக ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார்.

அது தினமும் சாயங்காலம் வாடிக்கையாளர்களுக்குப் போகிற கேள்வி. ‘நாளை மாவு வேண்டுமா?’ என்று வரும். கீழே ‘வேண்டும்’, ‘வேண்டாம்’ என்று இரண்டு பொத்தான்கள். வேண்டாம் என்பதை அமுக்கினால் மறுநாள் மாவு வராது. ஒன்றையும் அமுக்காவிட்டால் எப்போதும்போல வந்துவிடும். இதில் வரைய என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியது. இவருக்கு அந்த ‘வேண்டாம்’ தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு, சுபகாரியத்துக்கு அடிக்கிற அட்டையில் இல்லை, வேண்டாம், கூடாது என்று எதுவும் வரக் கூடாது. மொய் வாங்குவதில்லை என்று போடச் சொன்னால்கூட ‘தங்கள் வருகையே அன்பளிப்பு’ என்று மாற்றிப் போட்டுவிடுவார்கள். அங்கே இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஊறின மனிதர்.

‘தெனமும் பொழுதோட அவங்க ஊட்டு வாசல்ல நின்னு கேக்கற மாதிரிங்க இது. நம்ம மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னு அவங்களைச் சொல்ல வெக்கலாமுங்களா?’ என்று சைத்ராவிடம் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுக் கேள்வியை மாற்றினார். ‘நாளைக்கு மாவு கொண்டாரட்டுங்களா?’ கீழே இரண்டு பொத்தான். ஒன்று ‘சரிங்க’. இன்னொன்று ‘இருக்கட்டுங்க’.

சைத்ராவுக்கு அது பிடித்துப்போனது. நம் ஊர்ப் பேச்சு, வேறு எந்தச் செயலியிலும் இப்படி இருக்காது என்று அவளும் சொன்னாள், மிதுனும் சொன்னார். ஆனாலும் சைத்ரா, ‘சார், வெளிய நாலு பேர்கிட்டக் காட்டிக் கேட்டுட்டு வாங்க’ என்றாள். இவர் போய்க் காட்டினார். ஈஸ்வரமூர்த்தி அண்ணனிடம், டீக்கடையில், ஆபீஸில் சமையல் செய்யும் ராசாத்தாள் அக்காவிடம், எங்கள் தெரு மைதீன் பிச்சை பாயிடம். காட்டி என்ன கேட்டார் தெரியுமா? ‘நல்லா இருக்குங்களா?’ என்று கேட்டார். அத்தனை பேரும் ‘நல்லா இருக்குங்க’ என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்? இந்த ஊரில் மாப்பிள்ளைக்கு ஒரு கண் இல்லாவிட்டாலும் ‘நல்லா இருக்குங்க’ என்றுதான் சொல்வார்கள். இந்தப் பொத்தானை அமுக்கினால் மாவு வருமா வராதா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்ட எல்லாருக்கும் பிடித்திருக்கிறது என்று ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்னிடம் மட்டும் காட்டவில்லை. காட்டினால் நொட்டை சொல்வேனாம். சனிக்கிழமை சாயங்காலம் உனக்கே வரும், அப்போது பார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு விருந்தாளி, எங்கள் பேச்சில் ஒறம்பரை. என் தங்கை ரிஃபத்தைப் பவானியில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் தன் வீட்டுக்காரரோடும் பிள்ளைகளோடும் காலையிலேயே வருவதாகச் சொல்லியிருந்தாள். கறிக்குழம்பும் தோசையும் என்று முடிவு. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் ஆட்கள் நெருக்கிக்கொண்டிருந்தபோது போனில் அந்தக் கேள்வி வந்தது. மாவு கொண்டாரட்டுங்களா? ‘சரிங்க’ என்பதைப் பார்த்தேன். எங்கள் ஆஸ்பத்திரியில் சரிங்க என்றால் என்ன மதிப்பு என்று மேலேயே சொல்லிவிட்டேன். அதனால் ‘இருக்கட்டுங்க’ என்பதை அமுக்கினேன். மாவு இருக்கட்டும், வீட்டுக்கு ஆள் வருகிறார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

காலையில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வாசலைப் பார்த்தேன். பால் வந்திருக்கிறது, மாவு இல்லை. ரிஃபத்தின் கார் தெருமுனையில் திரும்பிவிட்டது.

‘ஏனுங்க, உங்க மாவு எங்கீங்க?’ என்றேன்.

கையூம் போனைப் பார்த்தார். ‘நீ இருக்கட்டுங்கன்னு அமுக்கியிருக்கறயே தாஜு.’

‘ஆமா. இருக்கட்டும்னுதான் அமுக்குனேன். எங்க இருக்குது?’

‘இருக்கட்டும்னா வேண்டாம்னுதான?’

‘யாரு சொன்னா? கடையில இதையும் போட்டுறட்டுங்களான்னு கேட்டா இருக்கட்டுங்கன்னுதான சொல்றோம்? போட்டுத்தான தராங்க?’

‘நீ இன்னொரு தோசை ஊத்தட்டுங்களான்னு கேட்டு, நான் இருக்கட்டும்னா வேண்டாம்னுதான அர்த்தம்?’

‘அப்பவும் ஊத்தத்தான செய்யறோம்’ என்றேன்.

அதற்குள் ரிஃபத் உள்ளே வந்துவிட்டாள். வந்தவளை உட்காரக்கூட விடாமல் போனை நீட்டி, இதை அமுக்கினால் மாவு வருமா வராதா, உள்ளதைச் சொல் என்றேன். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். ‘வராதுன்னுதான் தோணுது அக்கா’ என்றாள். கூட வந்த அவள் வீட்டுக்காரர், ‘எனக்கு வரும்னு தோணுது’ என்றார். கையூமின் முகத்தில் ரத்தமே இல்லை. அவருடைய போன் அடிக்க ஆரம்பித்தது. சைத்ரா. எங்கள் வீட்டில் நடந்தது அன்று காலை கோயமுத்தூர் முழுக்க நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலைத் திறந்தவர்கள் எல்லாரும் கம்பெனிக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதையை மறந்து பேசியவர்களும் உண்டாம்.

கடைக்கு ஓடிப் பரோட்டா வாங்கிவந்து சமாளித்தோம். ‘மச்சான், நீங்களும் உக்காந்து சாப்பிடுங்க’ என்று ரிஃபத் கூப்பிட்டாள். ‘இருக்கட்டும்மா’ என்றார். அன்றைக்கு அவர் சொன்ன அந்த ஒன்று மட்டும் எல்லாருக்கும் சரியாகப் புரிந்தது.

திங்கட்கிழமை ஆபீஸில் கூட்டம். ஆறு மாதமும் அந்த வாரத்தோடு முடிகிறது. எனக்குப் பல் ஆஸ்பத்திரியில் வேலையே ஓடவில்லை. சொத்தைப் பல்காரருக்குக் குழந்தைகளுக்குப் பல் பார்க்கும் டாக்டரின் நேரத்தைக் கொடுத்துவிட்டேன். சாயங்காலம் இவர் வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தார்.

‘என்னங்க சொன்னாங்க?’

‘நல்லபடியாத்தான் பேசுனாங்க’ என்றார். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத்தான் தெரியுமே.

மெல்ல மெல்லப் பிடுங்கி எடுத்தேன். சைத்ரா இவரை விட்டுக்கொடுக்கவில்லையாம், நானும் பார்த்துத்தான் வெளியே விட்டேன், பாதித் தப்பு என்னுடையது என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லியிருக்கிறாள். மிதுனும் கோபப்படவில்லை. அப்புறம் இவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, ‘அண்ணா, உங்களுக்கு அச்சு அனுபவம் நெறைய இருக்குதுங்க. மாவு பாக்கெட், பால் பாக்கெட் உறையெல்லாம் நீங்க பாத்துக்கறீங்களா? செயலியைச் சைத்ரா பாத்துக்கட்டும். இந்த வாரமே உங்களைப் பர்மனென்ட் பண்ணிடறேன்’ என்றாராம்.

‘நீங்க என்ன சொன்னீங்க?’

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ‘இருக்கட்டுங்கன்னேன்.’

 அந்த நேரம் பார்த்து அவருடைய போனில் மெயில் வந்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வாழ்த்துகள், பேக்கேஜிங் பிரிவுக்கு உங்களை வரவேற்கிறோம், தாங்கள் சம்மதித்ததற்கு நன்றி என்று இருந்தது.

‘நீங்க சொன்னது ஆமாவா, இல்லையா?’

‘இல்லைன்னுதான்.’

எனக்குச் சிரிப்பு வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். ஒரு ஊருக்கே மாவு போகாமல் செய்த அதே சொல்லை, மறுநாளே எடுத்துக்கொண்டு போய்த் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார். நிகர எடையும் சேர்மானங்களும் சலித்துப்போய் ஒரு நல்ல வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் படித்து, ஆறு மாதம் சின்னப் பிள்ளைகளிடம் ‘சரிங்க’ போட்டு, சுற்றிச் சுற்றி மறுபடி நிகர எடைக்கே வந்து சேர்ந்திருக்கிறார்.

‘போச்சாது, உடு தாஜு. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க. பர்மனென்ட் ஆயிருச்சில்ல’ என்றார்.

அவ்வளவுதான். இருபது வருடத்துக்கும் சேர்த்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். ‘உங்களுக்கு என்னதாங்க வேணும்? ஒரு தடவையாவது வாயைத் தொறந்து சொல்லுங்க. சட்டைதான் வேண்டாத சட்டை, பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். இந்த வேலையைக் கொண்டுபோய் எந்தப் பீரோவுல வெக்கறது?’ என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

கையூம் டம்ளரைக் கீழே வைத்தார். ‘எனக்கு அந்த ஸ்கிரீன்தான் வேணும். தப்புப் பண்ணுனது நான். அதை நான்தான் சரிபண்ணோணும். அதை இன்னொருத்தர்கிட்டக் குடுத்துட்டு நான் பாக்கெட்டு ஒட்டிக்கிட்டு இருந்தா, செத்தாலும் எனக்கு ஆறாது’ என்றார்.  இவ்வளவு நீளமாகத் தனக்கு வேண்டியதை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

‘அதைப் போய் அந்த ஆள்கிட்டச் சொல்லுங்க.’

‘மூஞ்சிக்கு நேரா எப்படி தாஜு வேண்டாம்னு சொல்றது? பாவம், நல்லதுன்னு நெனச்சுக் குடுக்கறாப்ல.’

 பாத்திரங்களோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். மாவு கடையில் வாங்கினது, எங்கள் வீட்டு வாசலுக்கு மாவு வருவதை நான் நிறுத்திவைத்திருந்தேன். இவர் மூன்றாவது தோசையில் இருந்தபோது போன் அடித்தது, மிதுன். இவர் கையில் சட்னி. நானே பச்சையைத் தள்ளி, ஸ்பீக்கரில் போட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டு நகரவில்லை.

‘அண்ணா, மதுக்கரைக்கு வண்டி போகுதுங்க. பாக்கெட் அளவெல்லாம் நேர்ல பாத்தர்றீங்களா?’ என்றார் மிதுன்.

‘அது வந்துங்க...’ என்றார் இவர். என்னைப் பார்த்தார். நான் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன். ‘நேத்து நான் இருக்கட்டுங்கன்னு சொன்னனுங்க.’

‘ஆமாங்கண்ணா, அதான் உடனே மெயில் போடச் சொல்லிட்டனுங்க.’

‘அது அந்த இருக்கட்டுங்க இல்லீங்க.’

 போனில் முகம் தெரியாது. பந்தியில் போதும் என்று காட்டுகிற மாதிரி இலைக்கு மேல் கையை வைத்து மறைக்கவும் முடியாது. கையூம் கண்ணை மூடிக்கொண்டார்.

‘எனக்குப் பாக்கெட் வேலை வேண்டாம்’ என்றார். பின்னால் ஒரு ‘ங்க’கூட ஒட்டவில்லை. ‘அந்த ஸ்கிரீனை நானே சரிபண்றேன். இந்தத் தடவை நல்லா இருக்குதான்னு கேக்கமாட்டேன். கையில குடுத்து அமுக்கச் சொல்லி, மாவு வருமா வராதான்னு கேக்கறேன்.’

மிதுன் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. ‘அப்படின்னா இப்பப் பர்மனென்ட் பண்ண முடியாதுங்கண்ணா. இன்னும் மூணு மாசம் டிரெய்னியாவேதான். அப்புறமும் நான் உறுதி சொல்லமாட்டேன். சரிங்களா?’

‘சரிங்க’ என்றார். உடனே பதறிப்போய், ‘இந்தச் சரிங்க ஆமாங்கதானுங்க’ என்றார். மிதுன் சிரித்துவிட்டு, சைத்ராவிடம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்தார்.

எனக்கு அழவும் தோன்றியது, இரண்டு போடவும் தோன்றியது. கைக்கு எட்டிய நிரந்தர வேலை போனில் போய்விட்டது, இன்னும் மூன்று மாதம் இதே பஞ்சாயத்து. ஆனாலும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கரண்டி மாவை மொண்டேன்.

‘இன்னொண்ணு ஊத்தட்டுங்களா?’ என்றேன். கேட்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். இருக்கட்டும் என்பார், நான் ஊற்றுவேன், அவர் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோவார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான்.

‘வேண்டாம்’ என்றார்.

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. முந்தின நாள் இதே சொல்லுக்காகத்தான் தொண்டை வறளக் கத்தினேன் என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

‘ஏனுங்க, நல்லா இல்லீங்களா?’

‘நல்லாத்தான் இருக்குது. எனக்கு மூணு போதும் தாஜு’ என்றார். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், தயங்கி நின்று சொன்னார். ‘எனக்கு எப்பவுமே மூணுதான்.’

கல் காய்ந்து புகைந்துகொண்டிருந்தது. கரண்டியில் இருந்த மாவைத் திரும்பச் சட்டியிலேயே ஊற்றினேன்.